சாப்பிடாமல் உட்கார்ந்துவிடும் அம்மா: இது எல்லார் வீட்டிலும் நடப்பதுதானா?

லிந்தாங்_ரோடு | திங்கள், இரவு 10.40

வணக்கம். எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பா அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து, டவுனுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மலிவு வீடு வாங்கினோம். அப்பா இப்போது இல்லை. அம்மா தம்பியோடு இருக்கிறார். நான் கல்யாணமாகி ஈப்போவில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவேன்.

என் அம்மா என்னைப் பெரிதாக அடித்ததில்லை. கதவு நிலைக்கு மேலே ரோத்தான் பிரம்பு செருகியிருக்கும். அது எந்த லயத்து வீட்டில்தான் இல்லை? அதைப் பற்றி எழுத வரவில்லை. அவருக்குப் பிடிக்காத ஒன்றை நான் செய்துவிட்டால் சாப்பிட மாட்டார். என்னோடு பேச மாட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும், என் காதில் விழும்படி, "இதுக்காகத்தான் இருட்டுல எழுந்து பிரட்டுக்கு ஓடினேன்" என்பார். பிரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு. நான் அழுது மன்னிப்புக் கேட்கும்வரை அது ஓயாது. எதற்கு மன்னிப்பு என்பதே பல சமயம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் அம்மா என்னைத்தான் வாசலுக்கு அனுப்புவார். "நீ போய்ப் பேசு, உன்னை அடிக்க மாட்டாரு." அப்பா என்னை அடிக்கவில்லை, அது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வரும் மோட்டார் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அப்போது நான் தமிழ் ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் அம்மாவின் பெயர் போனில் வந்தால் வயிறு பிசைகிறது. கணவர் வேலைக் களைப்பில் பேசாமல் இருந்தால், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டு அவரைத் தொந்தரவு செய்கிறேன். மகளுக்கு ஆறு வயது. போன மாதம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா கோபமா? நான் என்ன செஞ்சேன்?" என்றாள். அதன் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தால், பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு, அதிலிருந்து மீள்வது என்று நிறைய இருக்கிறது. எல்லாமே வெள்ளைக்காரர் வீட்டுக் கதைகளாகத் தெரிகின்றன. உறவை வெட்டிவிடு என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். என் அம்மா பசியில் வளர்ந்தவர், எங்களைப் பசி தெரியாமல் வளர்த்தவர். அதையும் மறக்காமல் இதைப் பார்க்க முடியுமா? நம் தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_மண்டோர் | திங்கள், இரவு 11.15

மகளே, நாங்கள் எல்லாரும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். என் அப்பா பெல்ட்டைக் கழற்றினால் லயமே அமைதியாகிவிடும். அதற்காக நான் வீணாகப் போய்விட்டேனா? மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியிருக்கிறேன். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் போனைப் பார்த்து ஒரு நோய்ப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். அம்மா சாப்பிடவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டிவிடு. தீர்ந்தது.


காராட்_கோபி | திங்கள், இரவு 11.22

ஊட்டிவிட்டுத்தானே ஐயா இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்.


ஆலோசனை_அறை | செவ்வாய், காலை 7.05

பேராக்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருக்கிறேன். தோட்டத்து வீடுகளில் இருந்தும் தாமான் வீடுகளில் இருந்தும் பிள்ளைகள் என் அறைக்கு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிந்தாங் சகோதரி, அம்மா நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதில் இறங்கினால் நாள் முழுக்க இரண்டு பக்கமும் வழக்காடிக்கொண்டிருப்பீர்கள். அந்த வீட்டில் அந்தச் சிறுமி என்ன வேலை பார்த்தாள் என்று மட்டும் பாருங்கள். அம்மாவின் மனநிலையைக் கவனித்தாள். அப்பாவின் போதையை அளந்தாள். இருவருக்கும் நடுவில் நின்றாள். இவை பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். இப்படிப் பிள்ளையே வீட்டுக்குப் பெற்றோராகிவிடுவதைக் குடும்ப சிகிச்சையாளர்கள் 1970களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

கண்டிப்பான வீட்டுக்கும் காயப்படுத்தும் வீட்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று பெற்றோர் கூட்டங்களில் கேட்பார்கள். கண்டிப்பான வீட்டில் பிள்ளைக்கு விதி என்ன என்று முன்பே தெரியும். தண்டனைக்கு முடிவு உண்டு. முடிந்த பிறகு சோறு போட்டுப் பக்கத்தில் படுக்க வைப்பார்கள். மற்ற வீட்டில் விதி அன்றன்றைய மனநிலைப்படி மாறும், தண்டனை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளை கெஞ்சினால்தான் பாசம் திரும்பி வரும். முதல் வீட்டுப் பிள்ளை தவறைக் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது வீட்டுப் பிள்ளை முகம் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. உங்கள் மகள் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாளே, அதுதான்.

வெள்ளைக்காரர் விஷயம் என்கிறீர்கள். ஓரளவு சரி. 1998இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் இருந்துதான் இந்தப் பேச்சு பரவலானது. கலிபோர்னியாவில் சான் டியேகோவில் மருத்துவக் காப்புறுதி வைத்திருந்தவர்களைக் கேட்டார்கள். பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர், லயத்து ஏழைகள் அல்லர். அடி, பாலியல் தொல்லை மட்டுமல்லாமல் அவமானப்படுத்துவது, வீட்டில் குடிப்பவர் இருப்பது, அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார்கள். இவை கூடக் கூட, வளர்ந்த பிறகு மனச்சோர்வும் குடிப்பழக்கமும் மட்டுமல்ல, இதய நோயும் கூடுகிறது என்று கண்டார்கள். ஒரு மக்கள்கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது. உங்களுக்கு என்ன நடக்கும் என்று அது சொல்லாது, அதனால் இணையத்தில் மதிப்பெண் போட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் மனக்காயத்தையும் காயமாக எண்ணுவது நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், பிரிவு 17ஐப் பாருங்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை யார் என்று சொல்லும் இடத்தில் மனரீதியான காயமும் வருகிறது. பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப்போவது, மூர்க்கம், வளர்ச்சி பின்தங்குவது என்று அடையாளங்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிவு 31இல் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதற்கான தண்டனை 2016 திருத்தத்தில் ஏறியது: 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் அம்மா மேல் வழக்குப் போடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நீங்களாகக் கற்பனை செய்துகொண்டது இல்லை என்று தெரிய வேண்டும், அதற்குத்தான்.


சாலாக்_மைந்தன் | செவ்வாய், மதியம் 1.10

அக்கா, நான் சாலாக் நோர்த் பக்கம். உங்கள் வாசல் கதையைப் படித்துவிட்டு லோரியை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு நான்.

தோட்டத்தில் யார் யாரைத் திட்டலாம் என்று ஒரு வரிசை இருந்தது. துரை என்ற மேனேஜர் கிராணி என்ற எழுத்தரைத் திட்டுவார், கிராணி வேலையை மேற்பார்க்கும் மண்டோரை, மண்டோர் எங்கள் அப்பாவை. பிரட்டில் எல்லார் முன்னாலும் வாங்கிக்கொண்டு அப்பா தலை குனிந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். சம்பள நாளில் கள்ளுக்கடை, பிறகு அதுவும் போதாமல் சம்சு சாராயம். வீட்டுக்கு வந்தால் அம்மா மேல் விழும். அம்மாவுக்குத் திட்ட யார் இருக்கிறார்கள்? மூத்த பிள்ளைதான். வரிசை அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். என் தங்கை சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டம் கைமாறிய கதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று ஆட்கள் தெருவுக்கு வந்தபோதுதான் நம்ம ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் விற்பது நிற்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. வேலையோடு வீடும் போகும் என்ற பயம் ஒவ்வொரு தகப்பனுக்கும் இருந்தது. பயந்த மனிதன் வீட்டில் புலியாவான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு அப்பா மேல் இருந்த வெறுப்பு குறைந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை. காரணம் தெரிந்தால் காயம் ஆறிவிடும் என்று நினைத்தது நடக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை, இரண்டையும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.


ஓய்வுபெற்ற_மண்டோர் | செவ்வாய், மாலை 5.30

மண்டோர் திட்டினார் என்று என் தலையிலும் போட்டாயிற்று. சரி. ஒன்று மட்டும் சொல்கிறேன். கத்தி படாமல் எந்த மரமும் பால் கொடுத்ததில்லை.


ஆயாக்கொட்டகை | செவ்வாய், இரவு 8.50

மண்டோர் அண்ணே, நானும் சீவியவள்தான், அதனால் இதை என்னிடம் விட்டுவிடுங்கள். பட்டையைச் சீவினால் பால் வரும். கட்டையில் கத்தி பட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி வைக்க முடியாது. அப்படிக் காயப்படுத்தியவளை வெயிலில் நிற்க வைத்துத் திட்டியது யார்? மரத்துக்கு இருந்த கணக்கு பிள்ளைக்கு இல்லையா?

லிந்தாங் மகளே, உன் அம்மா வயதுதான் எனக்கும். எங்களுக்குக் கோபப்பட இடமே இருந்ததில்லை. புருஷனிடம் வாய் திறந்தால் அடி, மாமியாரிடம் திறந்தால் ஊர்ப்பேச்சு. சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது. அதற்கு மட்டும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். உன் அம்மா அதை உன் அப்பாவிடம் செய்து பார்த்திருப்பாள், அவர் கண்டுகொண்டிருக்க மாட்டார். நீ கண்டுகொண்டாய். அதனால் உன்னிடமே வைத்துக்கொண்டாள். இதைச் சொல்வது அவளுக்குப் பரிந்து பேச இல்லை. பசியோடு உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்க்கிற பிள்ளைக்கு அது ரோத்தானைவிட வலிக்கும். எங்களுக்கும் தெரியும், தெரிந்துதான் செய்தோம்.


பெயர்_வேண்டாம் | புதன், அதிகாலை 2.17

எல்லாரும் பழைய கதை பேசுகிறீர்கள். எனக்கு 19 வயது, இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அப்பா அடிக்கிறார். காலேஜை நிறுத்திவிடுவேன் என்கிறார். போனை வாங்கி எல்லாவற்றையும் பார்க்கிறார். தம்பிக்கு 14. அம்மா எதுவும் கேட்பதில்லை. சில நேரம் இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. 18 தாண்டிவிட்டதால் எனக்கு எந்தச் சட்டமும் இல்லை என்கிறார்கள். உண்மையா?


ஆலோசனை_அறை | புதன், காலை 5.48

தம்பியோ தங்கையோ, இப்போதுதான் பார்த்தேன். முதலில் இது. இருக்க வேண்டாம் என்ற எண்ணம் பலமாக வந்தால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆறுதல் அமைப்பு 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. இப்போதே ஆபத்து என்றால் 999. இப்படி எண்ணம் வந்தது என்று சொன்னால் போலீஸ் பிடிக்கும் என்று பயப்படாதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

சட்டம் இல்லை என்பது தவறு. குழந்தைகள் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதாவது உங்கள் தம்பிக்கு. உங்களுக்கு 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. கணவன் மனைவிக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அப்பா அடித்தால் வளர்ந்த பிள்ளையும் புகார் கொடுக்கலாம். 2017 திருத்தத்துக்குப் பிறகு அவசரப் பாதுகாப்பு ஆணையை ஜேகேஎம் நலத்துறை அதிகாரியே கொடுக்கலாம், ஏழு நாள் செல்லும். நீதிமன்றம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999, நாள் முழுக்கத் திறந்திருக்கும். பேச முடியாவிட்டால் வாட்ஸ்அப் 019-261 5999. போனை அப்பா பார்ப்பார் என்பதால் வேறு யாராவது ஒருவர் போனில் இருந்து அனுப்புங்கள், இந்த இழையைப் பார்த்த தடத்தையும் உங்கள் போனில் அழித்துவிடுங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் சான்றிதழ் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவையுங்கள். அடித்த அடையாளம் இருந்தால் அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே எழுதப்படும் அறிக்கை பின்னால் உதவும். உறவில் நம்பகமான ஒரு வீடு இருக்கிறதா?


பெயர்_வேண்டாம் | புதன், காலை 11.02

அத்தை இருக்கிறார், கோலகங்சாரில். கூட்டாளி போனில் இருந்து 15999க்கு எழுதிவிட்டேன். தம்பியைப் பற்றியும் கேட்டார்கள். இன்று சாயந்திரம் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அப்புறம் வருகிறேன்.


ஆயாக்கொட்டகை | புதன், காலை 11.20

போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை போடு கண்ணு.


ஜேபி_பாலம் | புதன், இரவு 9.45

நான் வேறு மாதிரி சொல்லப்போகிறேன், கோபப்படாதீர்கள். சிங்கப்பூரில் வேலை, ஜோகூரில் வீடு. வீட்டோடு பேச்சு நிறுத்திவிட்டேன். அப்பாவின் கருமாதிக்கும் போகவில்லை. ஊரே துப்பியது. எனக்கு முதல்முறையாக இரவில் தூக்கம் வந்தது. மாதா பிதா குரு தெய்வம் என்று சொல்பவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. மன்னித்துவிடு, மன்னித்தால் நிம்மதி என்று கோவிலில்கூடச் சொல்கிறார்கள். மன்னிக்காமலும் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.


ஓய்வுபெற்ற_மண்டோர் | புதன், இரவு 10.20

பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்காதவனுக்கு என்ன நிம்மதி?


சாலாக்_மைந்தன் | புதன், இரவு 10.31

ஐயா, அது அவர் கணக்கு. நீங்கள் விட்டுவிடுங்கள்.


ஆலோசனை_அறை | வியாழன், காலை 6.40

ஜேபி தம்பி செய்தது சிலருக்கு ஒரே வழி. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து, பாலியல் தொல்லை, பேரப்பிள்ளைக்கும் அதே நடக்கும் என்ற பயம், இவை இருந்தால் நான் தயங்காமல் தூரப் போங்கள் என்பேன். மன்னிப்பைப் பற்றியும் அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். மன்னித்தால்தான் ஆறும் என்று அவசரப்படுத்தினால், பிள்ளை மறுபடியும் பெரியவர்களின் மனம் குளிர வேலை செய்யத் தொடங்கிவிடும். சின்ன வயதில் செய்த அதே வேலை.

ஆனால் வெட்டுவது, பொறுப்பது என்று இரண்டே வழி இல்லை. தினமும் பேசுவதை வாரம் ஒருமுறை ஆக்கலாம். வீட்டில் தங்காமல் பார்த்துவிட்டு வரலாம். பணம் கொடுத்து, ரகசியம் சொல்லாமல் இருக்கலாம். லிந்தாங் சகோதரிக்கு இந்த நடுவழி பொருந்தும் என்று நினைக்கிறேன். அம்மா கையில் இப்போது சகோதரியின் உயிரோ வீடோ இல்லை, சகோதரியின் குற்ற உணர்ச்சி மட்டும்தான் இருக்கிறது.


லிந்தாங்_ரோடு | வியாழன், இரவு 11.30

எல்லாவற்றையும் படித்தேன். ஆயா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். "தெரிந்துதான் செய்தோம்" என்று என் அம்மா ஒருநாள் சொன்னால் எனக்குப் பாதி தீர்ந்துவிடும். சொல்ல மாட்டார். அதற்காகக் காத்திருந்துதான் இவ்வளவு வருடம் போனது என்று இப்போது தோன்றுகிறது.

நடுவழி என்றால் என்ன செய்ய வேண்டும்? நான் "வேண்டாம்மா" என்று சொன்ன அந்த நிமிடமே தட்டைத் தள்ளிவிடுவார்.


சாலாக்_மைந்தன் | வெள்ளி, காலை 8.15

நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். முன்பெல்லாம் அம்மா கேட்கும்போது கொடுப்பேன், ஒவ்வொரு முறையும் "பெத்த கடன்" பாட்டு நடக்கும். இப்போது சம்பளம் வந்ததும் ஒரே தொகை தானாகவே அவர் கணக்குக்குப் போய்விடும். கேட்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். மருந்துச் செலவு தனி. மற்றதற்கு "அடுத்த மாசம் பாப்போம்மா", அவ்வளவுதான்.

அடுத்தது போன். நானே கூப்பிடுவேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவர் கத்த ஆரம்பித்தால் "அம்மா, நீங்க கோபமா இருக்கீங்க, நாளைக்குப் பேசுறேன்" என்று வைத்துவிடுவேன். மறுநாள் கட்டாயம் கூப்பிடுவேன், அதை விட்டால் எல்லாம் போச்சு. நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்க மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன்.

முக்கியமான ஒன்று. இதைத் தொடங்கியதும் அவர்கள் மோசமாகத்தான் ஆவார்கள். முன்பு தட்டைத் தள்ளினால் நீங்கள் ஓடி வந்தீர்கள். இப்போது வரவில்லை என்றால் இன்னும் பலமாகத் தள்ளிப் பார்ப்பார்கள். மயக்கம் வருகிறது என்பார்கள். அந்த நேரத்தில் ஓடினால், இன்னும் பலமாகத் தள்ள வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தம்பியிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தால் மாத்திரையும் சாப்பாடும் தம்பி பொறுப்பு என்று தெளிவாக இருக்கட்டும், நீங்கள் பயப்படாமல் இருக்கலாம்.

நான் தனியாக இதைச் செய்யவில்லை. கிளினிக்கில் பேசினேன்.


காராட்_கோபி | வெள்ளி, காலை 8.40

கிளினிக் என்றால் எங்கே? எங்கள் ஊரில் மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் "தஞ்சோங் ரம்புத்தான் பஸ் ஏத்தி விடவா" என்பார்கள்.


சாலாக்_மைந்தன் | வெள்ளி, மதியம் 12.55

எங்கள் வீட்டிலும் அதே கிண்டல்தான். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி 1911இல் தொடங்கியது, ஊர் அதன் பெயரை நூறு வருடத்துக்கு மேலாகத் திட்டுவதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. நான் போனது அரசாங்க கிளினிக், சளிக் காய்ச்சலுக்குப் போகிற அதே இடம். அதே வரிசை, அதே ஒரு வெள்ளிக் (ரிங்கிட்) கட்டணம். டாஸ் என்று 21 கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுப்பார்கள். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண். மலாய்க் கேள்வி புரியாவிட்டால் தமிழ் பேசும் மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடச் சொல்லலாம், வெட்கப்பட வேண்டாம். எனக்குப் பதற்றம்தான் அதிகம் என்று வந்தது. நான் கோபக்காரன் என்றே அதுவரை நினைத்திருந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு ஆலோசகருக்கு எழுதிக்கொடுத்தார்.


ஆலோசனை_அறை | வெள்ளி, மாலை 6.20

சேர்த்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் மென்தாரி மனநல மையங்களும் இருக்கின்றன. தனியாரிடம் போவதென்றால் அவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் போகாதீர்கள். ஃபேஸ்புக்கில் "உங்கள் உள்மனக் குழந்தையை ஒரே நாளில் குணப்படுத்துகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் கட்டலாம்.

லிந்தாங் சகோதரி, உங்கள் மகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் அப்படிக் கேட்டது எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. அவள் வயதில் நீங்கள் உங்கள் அம்மாவிடம் அப்படிக் கேட்டிருப்பீர்களா? அடுத்த முறை கேட்டால், "அம்மாவுக்கு வேற ஒரு விஷயத்துல கோபம். உன்னால இல்ல. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லுங்கள். அவள்மேலேயே கோபம் என்றால் அதையும் சொல்லி, எதற்கு என்றும் சொல்லி, முடிந்ததும் முடிந்தது என்று சொல்லுங்கள். கைக்குழந்தைகளையும் தாய்களையும் பல்லாண்டு பார்த்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் கண்டது இது: நல்ல தாய்க்கும் குழந்தைக்கும் இடையில்கூடப் பெரும்பாலான நேரம் தாளம் தப்பித்தான் இருக்கிறது. தப்பிய பிறகு மறுபடி சேர்கிறார்களா என்பதுதான் குழந்தைக்கு முக்கியம். குறையே இல்லாத அம்மாவாக ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அதுவும் பிள்ளைக்குப் பாரம்தான்.

மண்டோர் ஐயா, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 2016இல் கெர்ஷாஃப், க்ரோகன்-கேலர் என்ற இருவர் பிள்ளைகளை அடிப்பது பற்றிய 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 1,60,000 பிள்ளைகள். கையால் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அடி வாங்கிய பிள்ளைகளிடம் மூர்க்கமும் மனநலக் குறைவும்தான் கூடுதலாகத் தெரிந்தன, கீழ்ப்படிதல் கூடவில்லை. நீங்கள் நன்றாக வந்தது அப்பாவின் பெல்ட்டாலா, அதையும் மீறியா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.


ஓய்வுபெற்ற_மண்டோர் | வெள்ளி, இரவு 9.10

டீச்சர், உங்கள் கணக்கு உங்களுக்கு. என் பேரனை அவன் அப்பா அடிப்பதில்லை, நானும் கை வைப்பதில்லை. மருமகள் விடமாட்டாள். பயல் நன்றாகத்தான் படிக்கிறான். அதற்காக என் அப்பாவைத் தப்பு சொல்ல மாட்டேன்.


ஆயாக்கொட்டகை | வெள்ளி, இரவு 9.18

சொல்ல வேண்டாம் அண்ணே. பேரன் மேல் கை வைக்காமல் இருந்தால் போதும்.


பெயர்_வேண்டாம் | சனி, காலை 10.05

அத்தை வீட்டில் இருக்கிறேன். ஜேகேஎம் அக்கா பேசினார், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். தம்பி பள்ளி முடிந்ததும் இங்கே வருவான். அப்பா பத்து முறைக்கு மேல் போன் அடித்துவிட்டார், அத்தைதான் எடுத்துப் பேசினார்.


லிந்தாங்_ரோடு | ஞாயிறு, இரவு 10.15

பெயர் வேண்டாம், அத்தை போனை எடுத்தார் என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. திங்கட்கிழமை போய்விட்டு எழுது.

நான் இன்று ஊருக்குப் போனேன். தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டில் வந்து தங்குவதாக அம்மா சொன்னார், தேதியும் அவரே முடிவு செய்துவிட்டார். "இந்தத் தடவை வேண்டாம்மா, நாங்க வந்து உங்களைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றேன். எதிர்பார்த்த மாதிரியே மத்தியானம் சாப்பிடவில்லை. தட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, "பசிக்கும்போது சாப்பிடுங்கம்மா" என்று சொல்லி, மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். கை நடுங்கியது. நாலு மணிக்குக் கிளம்பும்போதும் தட்டு அப்படியே இருந்தது. ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டதாகத் தம்பி செய்தி அனுப்பினான்.

ஏழு மணிக்குப் பெரியம்மா போன் செய்தார். "உங்கம்மா அழுவுறா, நீ என்ன பொண்ணா?" என்று ஆரம்பித்தார். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். பெரியம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அம்மாவிடம் பேசுவதைவிட அது கஷ்டம்.


சாலாக்_மைந்தன் | ஞாயிறு, இரவு 10.40

"பெரியம்மா, அம்மாவும் நானும் பேசிக்குவோம். நீங்க சாப்பிட்டீங்களா?" அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கினால் அது நாளைக்கே அம்மாவிடம் வேறு வடிவத்தில் போய்ச் சேரும்.


ஆயாக்கொட்டகை | ஞாயிறு, இரவு 10.47

உன் பெரியம்மாவைத் தோட்டத்தில் பார்த்திருப்பேன் போலிருக்கிறது, எல்லாத் தோட்டத்திலும் ஒருத்தி உண்டு. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் அரை மணி நேரம் அவள் முழங்கால் வலியைச் சொல்வாள். கேட்டுக்கொள்.


லிந்தாங்_ரோடு | ஞாயிறு, இரவு 10.55

அடுத்த சனிக்கிழமை பெரியம்மாவின் பேரனுக்குக் காதுகுத்து. அம்மாவும் வருவார். எல்லார் முன்னாலும்தான் பெரியம்மா கேட்பார், பார்க்கலாம். புதன்கிழமை கிளினிக்குக்கு லீவு போட்டிருக்கிறேன்.